இரண்டு பஞ்சாங்கம், ஒரு திதி

எங்கள் தாத்தாவுக்குச் சில வருஷங்களில் இரண்டு நாள் திதி நடக்கும். பெரியப்பா வாக்கியப் பஞ்சாங்கக்காரர். அப்பா திருக்கணிதம். பெரும்பாலும் இரண்டும் ஒரே நாளில் விழுந்துவிடும். சில மணி நேர வித்தியாசத்தில் திதி அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ சாய்ந்துவிட்டால் தனி ஐயர், தனி இலை, தனிப் பாயசம். பாட்டி இரண்டு வீட்டுக்கும் போய் உட்கார்ந்துவிட்டு வருவாள்.

"சந்திரன் எங்கே இருக்குன்னு தொலைநோக்கி வச்சுப் பார்த்துச் சொல்றான், அண்ணா" என்பார் அப்பா. "பார்க்கட்டும்டா. திதி கொடுன்னு சொன்னது தொலைநோக்கியா, ரிஷியா?" என்பார் பெரியப்பா. இருவரும் கணக்குத் தெரிந்தவர்கள். ஒருவர் பேசியது மற்றவருக்குப் புரியாமலும் இல்லை. புரிந்தும் முப்பது வருஷம் இருவரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

இந்த மாதிரி நிலைமைக்குத் தத்துவத்தில் ஆழ்ந்த கருத்துவேறுபாடு என்று பெயர். பெயர் வைத்தவர் ராபர்ட் ஃபோகலின் என்ற அமெரிக்கர். 1985-ல் 'இன்ஃபார்மல் லாஜிக்' இதழில் வந்த அவருடைய கட்டுரை சில பக்கங்கள்தான். சண்டையோ நாற்பது ஆண்டாக ஓயவில்லை. இரண்டு பேர் வாதம் செய்ய வேண்டுமானால் இருவருக்கும் பொதுவாகப் பல நம்பிக்கைகள் வேண்டும், எது சான்று என்பதிலாவது ஒற்றுமை வேண்டும் என்றார் ஃபோகலின். அந்த அடித்தளமே வேறுபட்டால் வாதம் தோற்கிறது என்றுகூடச் சொல்ல முடியாது, அங்கே வாதத்துக்கு இடமே இல்லை என்பது அவர் முடிவு. கருக்கலைப்பையும் இடஒதுக்கீட்டை ஒத்த அமெரிக்க ஏற்பாட்டையும் உதாரணமாகக் காட்டினார். வெறும் பிடிவாதத்தை அவர் இதில் சேர்க்கவில்லை. இரு தரப்பும் நிதானமாக, உண்மைகளை எல்லாம் ஒப்புக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் தீராத வழக்குகளைத்தான் சொன்னார்.

ஃபோகலினுக்கு இந்த யோசனை தத்துவஞானி விட்கன்ஸ்டைனிடமிருந்து வந்தது. கதவு திரும்ப வேண்டுமென்றால் கீல் நிலையாக நிற்க வேண்டும். நம் சந்தேகங்கள் திரும்புவதற்கும் சில நம்பிக்கைகள் சந்தேகப்படாமல் நிற்க வேண்டும் என்று விட்கன்ஸ்டைன் தம் கடைசிக் குறிப்புகளில் எழுதினார். 1951 ஏப்ரலில், சாவதற்கு இரண்டு நாள் முன்புவரை எழுதியவை அவை. நிலவுக்கு யாரும் போனதில்லை என்பது அந்தக் குறிப்புகளில் அவர் திரும்பத் திரும்ப எடுத்தாண்ட உதாரணங்களில் ஒன்று. நூல் அச்சாகி வந்தது 1969-ல். ஆர்ம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்ததும் அதே ஆண்டில். கீலும் கழன்று வரும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. விட்கன்ஸ்டைனுக்கும் அது தெரியும். ஆற்றின் படுகையே மெல்ல நகரும் என்று அவரே எழுதியிருக்கிறார்.

ஃபோகலினுக்கு மறுப்பு அடுத்த ஆண்டே வந்தது. பொது அடித்தளம் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டியதில்லை, சேர்ந்து விசாரிக்கும்போது அது உருவாகும் என்றார் ஆண்ட்ரூ லக். 2005-ல் ரிச்சர்ட் ஃபெல்ட்மன் இன்னொரு வழி சொன்னார்: சான்று எந்தப் பக்கமும் சாயவில்லையா, தீர்ப்பை நிறுத்திவை, அதுவும் பகுத்தறிவு காட்டும் தீர்வுதான். காகிதத்தில் அழகாக இருக்கிறது. எங்கள் வீட்டில் தீர்ப்பை நிறுத்திவைத்திருந்தால் தாத்தாவுக்கு அந்த வருஷம் திதியே கிடையாது. செயலுக்கு நாள் குறித்தாக வேண்டிய இடத்தில் இந்த அறிவுரையால் பயனில்லை.

இதன் பக்கத்திலேயே இன்னொரு கிளை வளர்ந்திருக்கிறது. உணவகத்தில் பில்லைப் பங்கு போடுகிறோம். எனக்கு 43 டாலர் வருகிறது, கணக்கில் என் அளவுக்குக் கெட்டிக்காரரான நண்பருக்கு 45 வருகிறது. என் விடையில் எனக்கிருந்த உறுதி குறைய வேண்டாமா? குறைய வேண்டும் என்றார் டேவிட் கிறிஸ்டென்சன், 2007-ல். முதலில் யார் சரியாகக் கணக்குப் போட்டார் என்பதற்கு மதிப்பே இல்லையா என்று கேட்பவர் தாமஸ் கெல்லி. பில்லுக்கு இதெல்லாம் சரி. கருக்கலைப்பு போன்ற விஷயத்தில், தொடர்புள்ள நூறு கேள்விகளிலும் எதிர்த்தரப்பு தப்பு என்றே நான் நினைப்பதால், அவரை எனக்குச் சமமானவர் என்று மதிப்பதே இல்லை என்று ஆடம் எல்கா காட்டினார். பெரியப்பாவுக்கு அப்பா 'நாலெழுத்து படிச்ச தம்பி'. அதற்கு மேல் மதிப்பு ஏறவே இல்லை.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த விவாதம் முழுவதும் புதிதாகத் தோன்றாது. மணிமேகலையில் நாயகி மாதவன் வேடத்தில் வஞ்சி நகரில் சமயவாதிகளைக் கேட்டு வருகிறாள். முதலில் அவள் கேட்பது அளவைவாதியை. பிரமாணங்கள் பத்தா, எட்டா, ஆறா என்று ஆசிரியருக்கு ஆசிரியர் எண்ணிக்கை மாறுவதை அவர் சொல்கிறார். கடவுள், வினை, மறுபிறப்பு எல்லாம் அப்புறம். எதை வைத்து அளப்பது என்பது முதலில். நூலாசிரியர் சாத்தனார் போட்ட இந்த வரிசை தற்செயலாக அமைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கடைசியில் வரும் பூதவாதி கண்ணால் கண்டதை மட்டும் ஏற்பவர். பிறரைக் கேட்டுவிட்டு நகர்ந்த மணிமேகலை இவரிடம் மட்டும் நின்று சிரிக்கிறாள். உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று மடக்குகிறாள். தனக்கு ஒரு தாயும் தந்தையும் இருந்தார்கள் என்பதை விட்கன்ஸ்டைனும் கீல்களில் ஒன்றாக எடுத்துக்கொள்கிறார். இருவரும் ஒரே இடத்தைத் தொட்டாலும் நோக்கம் வேறு. அதற்கு ஆதாரம் கேட்பதே பொருந்தாது என்கிறார் அவர். உன் ஒற்றை அளவை உனக்கே போதவில்லை பார் என்கிறாள் இவள். எதிராளியின் கீலை எதிராளியின் வீட்டிலேயே ஆட்டிக்காட்டும் இந்த வழியை ஃபோகலின் கணக்கில் எடுக்கவில்லை.

இப்படிப் பேசும் முறைகளையும் நம் மரபு வகுத்திருக்கிறது. நியாய சூத்திரம் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மை தேடுவது வாதம், ஜெயிக்கப் பேசுவது ஜல்பம், தன் கட்சி எதையும் நாட்டாமல் பிறர் கட்சியை உடைப்பது மட்டும் விதண்டை. 'விதண்டாவாதம் பண்ணாதே' என்று பிள்ளைகளைத் திட்டும்போது இந்த நுட்பமெல்லாம் போய்விட்டது.

பஞ்சாங்கத்துக்கு வருகிறேன். வாக்கியம் என்பது எண்களை எழுத்தாக்கி மனப்பாடம் செய்த தொடர். சந்திரனுக்கு மட்டும் 248. வரருசி செய்ததாக மரபு. இதைக் கேலி செய்ய வேண்டாம். 1825-ல் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாட அட்டவணையை மட்டும் நம்பிச் சந்திர கிரகணம் கணித்ததை ஜான் வாரன் என்பவர் பாண்டிச்சேரியிலிருந்து பதிவு செய்தார். தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52. சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர். கண்ணுக்குத் தெரிவதோடு கணக்கு ஒத்துப்போக வேண்டும் என்று திருக்கணிதத்துக்காக வாதாடியவரும் அவரே. பஞ்சாங்கத்தைச் சீரமைக்க மேகநாத் சாகா தலைமையில் அரசு அமைத்த குழு 1955-ல் அறிக்கை தந்தது. அதையொட்டி 1957 முதல் ராஷ்ட்ரீய பஞ்சாங்கம் வருகிறது. வழக்கு தீர்ந்ததா? திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி 2025 மார்ச் 29 என்றபோது, நாங்கள் வாக்கியப்படிதான், எங்களுக்கு அது 2026-ல் என்று அறிவித்தது திருநள்ளாறு கோயில்.

காட்சி ஒரு பக்கம், நம்பத்தக்க பெரியோரான ஆப்தர் வாக்கு மறுபக்கம். ஃபோகலினுக்குக் கட்டுரையில் சேர்க்க ஏற்ற உதாரணம். ஆனால் ஒன்று கவனித்தேன். வாக்கியத்தை விடாத பல பஞ்சாங்கங்கள் கிரகண நேரத்தை மட்டும் திருக்கணிதத்திலிருந்து எடுத்துப் போடுகின்றன. காரணம் எளிது. சனி மீனத்துக்குள் நுழைந்ததைத் தெருவில் யாரும் பார்க்க முடியாது. கிரகணம் பிடித்ததை மூணாம் வகுப்புப் பையனும் மொட்டை மாடியில் நின்று பார்ப்பான். நேரம் தப்பினால் பஞ்சாங்கக்காரர் மானம் போகும். ஊர்க்கண் படுகிற இடத்தில் கீல் விட்டுக்கொடுக்கிறது, படாத இடத்தில் இறுகிக்கொள்கிறது. ஆழ்ந்த வேறுபாடு எல்லா இடத்திலும் ஒரே ஆழம் என்று வைத்துக்கொண்டதுதான் ஃபோகலின் செய்த பிழை என்று நினைக்கிறேன். அப்பாவும் முப்பது வருஷம் திதியைப் பற்றியே பேசினார். கிரகணத்தைப் பற்றி ஒரு தடவை கேட்டிருந்தால் பெரியப்பா மாறியிருப்பார் என்று சொல்லமாட்டேன். பேச்சாவது புதிதாக இருந்திருக்கும்.

உங்கள் வீட்டிலும் ஒரு வாக்கியப் பஞ்சாங்கம் இருக்கலாம். கிரகணப் பக்கத்தைப் புரட்டி, ஒரு திருக்கணிதப் பஞ்சாங்கத்தோடு வைத்து நேரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.