தொப்பியைக் கழற்றிய பிறகு

காவலர் சங்கம் என்றதும் சம்பளமும் பதவி உயர்வும்தான் நினைவுக்கு வரும். அவற்றுக்கான சங்கங்கள் அவசியம். எனக்குப் பிடித்தது நட்புக்காக மட்டுமே நடக்கும் ஒன்று: சர்வதேசக் காவலர் சங்கம். இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் காவல்துறையில் சார்ஜெண்டாக இருந்த ஆர்தர் ட்ரூப் 1950 ஜனவரி 1 அன்று தொடங்கியது. உலகப்போர் முடிந்து ஐந்து வருடம்கூட ஆகாத நேரம். அயல்நாட்டுக் காவலரை நண்பராகப் பார்க்கச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும்.

இங்கே பதவி பார்ப்பதில்லை. கான்ஸ்டபிளும் கமிஷனரும் சமமான உறுப்பினர்கள்தான். சல்யூட்டிலேயே வாழ்க்கை ஓடும் ஒரு துறையில் இப்படி ஒரு விதியை வைத்து, அதைக் காப்பாற்றியும் வருவது எவ்வளவு பெரிய காரியம்! ஓய்வு பெற்றவரையும் விட்டுவிடுவதில்லை. சீருடையோடு நட்பு வட்டத்தையும் இழப்பவருக்கு அந்த உறுப்பினர் அட்டை பெரிய துணை.

நடத்துவது என்னவோ சின்னச் சின்ன வேலைகள்தான். சந்தா வசூல், கடிதங்கள், வெளிநாட்டிலிருந்து வரும் உறுப்பினருக்குத் தங்க இடம், ஊர் சுற்றிக்காட்ட ஓர் ஆள். பெரும்பாலும் தன்னார்வலர்களே, பணி நேரம் போக மிஞ்சும் பொழுதில் செய்கிறார்கள். ஒரு நல்ல கிளைச் செயலாளரை நான் கலைஞர் என்றே சொல்வேன். ஜெர்மனியின் கிம்போர்ன் கோட்டையில் இச்சங்கத்தின் பயிற்சி மையமும் நடந்திருக்கிறது. பல நாட்டுக் காவலர்கள் அங்கே ஒன்றாக உட்கார்ந்து படித்திருக்கிறார்கள்.