மேடையேறிய சாட்சியம்
மைக் டெய்சியின் ஓராள் அரங்கு குறித்து

அபுனைவு எழுதுகிற ஒருவர் மேடையேறும்போது அவரது எழுத்துக்கு என்ன நேர்கிறது என்பது நமது விமர்சன உரையாடல்களில் அதிகம் இடம்பிடிக்காத ஒரு விடயம். நூலில் ‘நான்’ என்பது ஒரு சொல். மேடையில் அது ஓர் உடல். வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறது, குரல் தழுதழுக்கிறது. அந்த உடலை நம்பாமல் இருப்பது கடினம். இதனை விளங்கிக்கொள்ள அமெரிக்கரான மைக் டெய்சியின் ‘ஸ்டீவ் ஜொப்ஸின் வேதனையும் பரவசமும்’ என்ற ஓராள் ஆற்றுகையை விடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

டெய்சி, அமேசன் நிறுவனத்தில் வேலைபார்த்த அனுபவங்களை 2002இல் நூலாக எழுதியவர். அவரது அரங்கு மிக எளிமையானது. ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு குவளைத் தண்ணீர், சில குறிப்புத் தாள்கள். மனனம் செய்த வசனங்கள் இல்லை. குறிப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டியபடி இரண்டு மணிநேரமளவில் உட்கார்ந்தே பேசுவார். இந்த ஆற்றுகை 2011இல் வொஷிங்டன் நகரின் வூலி மமத் அரங்கிலும், ஜொப்ஸ் மரணித்த அதே ஒக்டோபரில் நியூயோர்க் பப்ளிக் தியேட்டரிலும் மேடையேறியது. நான் அரங்கிலிருந்து பார்த்தவனல்லன். 2012 பெப்ரவரியில் எவரும் மேடையேற்றலாம் என்று அனுமதித்து அவரே இலவசமாக வெளியிட்ட எழுத்துப் பிரதியையும், வானொலி நிகழ்ச்சிகளையும் முன்வைத்தே இங்கு பேசுகிறேன்.

அப்பிள் கருவிகள் மீது தீராக் காதல் கொண்ட ஒருவர், அவற்றைச் செய்யும் கைகளைத் தேடி 2010இல் சீனாவின் ஷென்ஷென் நகருக்குப் போகிறார். பொக்ஸ்கொன் தொழிற்சாலை வாயிலில் நின்று தொழிலாளரோடு பேசுகிறார். அமெரிக்க வியாபாரி என்று சொல்லிக்கொண்டு வேறு தொழிற்சாலைகளுக்குள்ளும் நுழைகிறார். ஒருபுறம் ஜொப்ஸின் எழுச்சி, மறுபுறம் ஷென்ஷென் பயணம் என்று இரு இழைகளையும் மாறி மாறிப் பின்னிச் செல்லும் அவரது திறமை மறுக்க முடியாதது. பார்வையாளரைச் சிரிக்க வைத்து, அந்தச் சிரிப்பு அடங்குமுன்னே அவர்களது சட்டைப்பையில் இருக்கும் தொலைபேசியைக் கனக்கச் செய்கிறார்.

2012 ஜனவரி 6ஆம் திகதி ‘திஸ் அமெரிக்கன் லைஃப்’ வானொலி நிகழ்ச்சி இதன் ஒரு பகுதியை ஒலிபரப்பியது. அதைக் கேட்ட, சீனாவில் பணிபுரிந்த வானொலிச் செய்தியாளர் ரொப் ஷ்மிட்ஸுக்குச் சில விபரங்கள் உறுத்தின. டெய்சியின் மொழிபெயர்ப்பாளரை இணையத்தில் தேடிக் கண்டுபிடித்தார். அவரைத் தொடர்புகொள்ள வழியில்லை என்று வானொலியாரிடம் டெய்சி முன்னர் சொல்லியிருந்தார். அந்தப் பெண்ணோ பலவற்றை மறுத்தார். வாயிற்காவலரிடம் துப்பாக்கிகள் இருக்கவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுத் தொழிலாளரைச் சந்தித்ததாக அவருக்கு நினைவில்லை. ஹெக்ஸேன் இரசாயனத்தால் கை நடுங்கும் தொழிலாளரையும் அவர்கள் சந்திக்கவில்லை. அந்த அனர்த்தம் நிகழ்ந்தது ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள சுஜோ நகரில். மார்ச் 16ஆம் திகதி வானொலி ஒரு முழு நிகழ்ச்சியையே ஒதுக்கித் தனது ஒலிபரப்பை மீளப்பெற்றது.

டெய்சியின் நியாயம் சுருக்கமானது: அரங்கின் உண்மை வேறு, செய்தியாளரின் உண்மை வேறு, தனது படைப்பை வானொலியில் செய்தியாகப் போகவிட்டதுதான் தவறு. இந்த வாதத்தை எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிட முடியாது. அரங்கு காலத்தைச் சுருக்குகிறது, பல மனிதரை ஒருவராக்குகிறது, வரிசையை மாற்றுகிறது. எந்தச் சுயசரிதையாளரும் இதையெல்லாம் ஓரளவேனும் செய்கிறார். ஆனால் வூலி மமத் அரங்கின் நிகழ்ச்சிக் குறிப்பேட்டிலேயே ‘இது ஓர் அபுனைவுப் படைப்பு’ என்று அச்சிடப்பட்டிருந்தது. வாசலில் அப்படியொரு வாக்குறுதியைக் கொடுத்துவிட்டு, உள்ளே வேறொரு சட்டம் நடப்பதாகச் சொல்ல முடியாது. காலத்தைச் சுருக்குவது ஒன்று. சந்திக்காத மனிதரைச் சந்தித்தேன் என்பது முற்றிலும் வேறொன்று.

ஒழுக்கம் சார்ந்த இந்தக் கேள்வியோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது கலை சார்ந்த கேள்வி. பிரதியில் எந்த இடங்கள் புனையப்பட்டவையோ அவையே பெரும்பாலும் பலவீனமான இடங்களாகவும் இருக்கின்றன. கை சிதைந்த ஒரு முதிய தொழிலாளி வருகிறார். ஐபேட் செய்யும்போதே அவரது கை சிதைந்ததாம். அது இயங்குவதை அவர் ஒருபோதும் கண்டதில்லையாம். டெய்சி தனது ஐபேட்டை நீட்டுகிறார். சிதைந்த கை திரையைத் தொடுகிறது, படங்கள் நகர்கின்றன, அவர் அதை மாயவித்தை போல வியக்கிறார். அந்தக் காட்சி நடக்கவேயில்லை, அது சினிமா போல இருக்கிறது என்பதே மொழிபெயர்ப்பாளரின் பதில். இதைவிடக் கூர்மையான ஒரு விமர்சனத்தை எந்த விமர்சகரும் எழுதியிருக்க முடியாது. அந்த முதியவர் மனிதராக அங்கு இல்லை. பார்வையாளரின் குற்றவுணர்வைத் தொட்டுத் தடவி ஆற்றுவதற்காக வரவழைக்கப்பட்ட ஒரு கையாகவே இருக்கிறார். தன் கையைப் பறித்த பொருளை அவரே வியந்து பாராட்டிவிட்டால், அதை வாங்கியவருக்கு எத்தனை ஆறுதல்!

இன்னொன்று. டெய்சிக்குச் சீனமொழி தெரியாது. அவர் கேட்ட ஒவ்வொரு சொல்லும் அந்தப் பெண்ணின் வாய்வழியாகவே அவரை வந்தடைந்தது. அவளும் ஆற்றுகையில் ஒரு பாத்திரமாக வருகிறாள். ஆனால் அவளது நினைவு இந்தக் கதையின் நிபந்தனையாக ஒருபோதும் இருக்கவில்லை. அடுத்தவரின் துயரத்தை நடுவில் ஒருவரை வைத்துக் கேட்ட எழுத்தாளன், அந்த நடுவரையும் தன் கேள்விக் குறைகளையும் சேர்த்தே எழுத வேண்டும். அந்த இடைவெளியை எழுதியிருந்தால் டெய்சியின் பிரதி இன்னும் ஆழமானதாகியிருக்கும். அவர் அதை மூடி மறைத்து, எல்லாவற்றையும் ‘நான் கண்டேன்’ என்ற ஒரே வாக்கியத்துக்குள் அடக்கினார்.

இதில் வேதனையானது, பொய்க்கு எந்தத் தேவையும் இருக்கவில்லை என்பதுதான். பொக்ஸ்கொன் தொழிலாளர் பத்துக்கும் மேற்பட்டோர் 2010இல் தற்கொலை செய்துகொண்டதும், அதன்பின் கட்டடங்களைச் சுற்றி வலைகள் கட்டப்பட்டதும் உண்மை. சுஜோவில் ஹெக்ஸேனால் 137 தொழிலாளர் பாதிக்கப்பட்டதை அப்பிளே 2011இல் தனது அறிக்கையில் ஒப்புக்கொண்டது. அதே அறிக்கை வயது குறைந்த 91 தொழிலாளரையும் கணக்கிட்டிருந்தது. வானொலியில் டெய்சி பேசிய அதே ஜனவரியில் ‘நியூயோர்க் டைம்ஸ்’ இந்தத் தொழிற்சாலைகள் பற்றி விரிவான புலனாய்வுக் கட்டுரைகளை வெளியிட்டது. அந்தத் தொடர் 2013இல் புலிட்சர் பரிசைப் பெற்றது. அதில் எவரும் மாயவித்தை போல வியக்கவில்லை. பெயரும் ஊரும் திகதியும் இருந்தன. அவை போதுமாயிருந்தன.

டெய்சியின் பொய் அம்பலமானபோது அதற்கான விலையை டெய்சி மட்டும் கொடுக்கவில்லை. உண்மையாகவே கை நடுங்கிய சுஜோ தொழிலாளியும் கொடுத்தார். நம்ப விரும்பாதவர்களின் கையில் ஒரு வசதியான சாக்கு கிடைத்தது: ‘அதெல்லாம் கட்டுக்கதையாமே.’ பாதிக்கப்பட்டவனின் பெயரால் பொய் சொல்கிறவன் முதலில் களவாடுவது அந்தப் பாதிக்கப்பட்டவனின் நம்பகத்தைத்தான்.

ஆனாலும் டெய்சியை வெறும் பொய்யராக எழுதிக் கடந்துபோக நான் தயாரில்லை. 2012 ஜூலையில் அவர் மீண்டும் அதே வூலி மமத் அரங்குக்கு வந்தார். சர்ச்சைக்குரிய பகுதிகளை நீக்கிய புதிய வடிவத்தை அதே ஊர்ப் பார்வையாளர் முன் நிகழ்த்தினார். ஏமாற்றப்பட்ட அரங்கு கதவைச் சாத்தாமல் மறுபடியும் மேசையும் கதிரையும் போட்டுக்கொடுத்தது. கவனிக்க வேண்டியது, நீக்கப்பட்டவை சில நிமிடங்களே என்பதை. அவை போன பின்னும் ஆற்றுகை விழுந்துவிடவில்லை. ஜொப்ஸ் மீதான காதலும் கசப்பும், தொழிற்சாலை வாயிலில் தடுமாறி நின்ற ஒரு பருத்த வெளிநாட்டவனின் சங்கடமும் அப்படியே எஞ்சின. பொய் தூணாக இருந்திருக்கவில்லை, வெறும் பூச்சாகத்தான் இருந்திருக்கிறது.

சாட்சியமாக எழுதுகிறவர்கள், எழுதியதை மேடையில் சொல்கிறவர்கள் எல்லோரும் இந்தச் சில நிமிடங்களைப் பற்றி யோசிக்க வேண்டும். கைதட்டல் எந்த வரிக்கு அதிகமாக எழுகிறதோ அந்த வரியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பார்வையாளர் எம்மை நம்புவது எமது குரலுக்காக அல்ல. அங்கு வரமுடியாத ஒருவருக்காக நாம் பேசுகிறோம் என்பதற்காக. அந்த ஒருவர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாலும் ஒரு சொல்லையும் மாற்றாமல் பேச முடிகிறதா என்பதே அபுனைவின் ஒரே உரைகல்.