மகரம்: கற்பனை நீர்விலங்கு பற்றிய ஒரு மதிப்பீடு

மகரம் என்பது கோயில் சிற்பங்களில் இடம்பெறும் கற்பனை நீர்விலங்கு. முதலையின் வாய், யானையின் துதிக்கை, மீனின் வால் ஆகியவை சேர்ந்தது. வருணனுக்கும் கங்கைக்கும் ஊர்தி, காமனுக்குக் கொடி. திருச்சிராப்பள்ளி மாவட்டம் சீனிவாசநல்லூர் குரங்கநாதர் கோயில் போன்ற முற்காலச் சோழர் கோயில்களில், தேவகோட்டங்களின் மேல் மகர தோரணத்தைக் காணலாம். இரு மகரங்களின் வாயிலிருந்து புறப்படும் வளைவே மகர தோரணம்.

உயிரியல் நோக்கில்

1981இல் டூகல் டிக்சன் வெளியிட்ட 'ஆஃப்டர் மேன்' நூல், ஐந்து கோடி ஆண்டுகளுக்குப் பின் வாழக்கூடிய விலங்குகளைக் கற்பனை செய்தது. அதில் பென்குயின் வழிவந்த ஒரு பெரிய நீர்விலங்கு, அழிந்துபோன திமிங்கிலங்களின் இடத்தை நிரப்புகிறது. எந்த இனத்திலிருந்து வந்தது, எப்படி வாழ்கிறது என்பவற்றுக்கு அங்கே விடை உண்டு. அதே கேள்விகளை மகரத்திடமும் கேட்டுப் பார்க்கலாம்.

துதிக்கை தேறிவிடும், ஆழமான நீரில் யானை துதிக்கையை உயர்த்தித்தான் மூச்சுவிடுகிறது. முதலையும் மீனும் வாலைப் பக்கவாட்டில் அசைத்தே நீந்துவதால் அந்த இணைப்பும் பொருந்தும். ஆனால், சிற்பங்களில் வால் பெரும்பாலும் இலைக்கொடிபோல் சுருண்டு விரிகிறது. அதைக் கொண்டு நீரைத் தள்ள முடியாது. பாலூட்டி, ஊர்வன, மீன் மூன்றின் உறுப்புகளும் ஒரே உடலில் இப்படிச் சேரப் பரிணாமத்தில் வழியும் இல்லை.

கலை நோக்கில்

அந்த வால் சிற்பியின் பிழையன்று. திறந்த வாய் வளைவுக்குத் தொடக்கமாகிறது. சுருண்ட வால் ஓரத்து வெற்றிடத்தை நிரப்புகிறது. டிக்சனின் விலங்கு கடலுக்குப் பொருந்த வேண்டும். மகரம் தோரணத்துக்குப் பொருந்தினால் போதும். இந்த அளவுகோலில் அது முழு வெற்றி பெற்ற படைப்பு.

உண்மையில் வாழ்ந்ததா?

மகரம் என்ற சொல்லுக்குச் சுறா, முதலை என்ற பொருள்களும் உண்டு. இந்தியில் முதலையைக் குறிக்கும் 'மகர்' இதிலிருந்து வந்ததே. கொள்ளிடத்தில் இன்றும் முதலைகள் வாழ்கின்றன. கண்ணால் கண்ட விலங்குகளின் உறுப்புகளே இக்கற்பனைக்கு மூலப்பொருள்.

மகரம், யாளி போன்றவை ஒரு காலத்தில் உயிருடன் உலவின என்று சிலர் எழுதுகின்றனர். இதற்குப் புதைபடிவச் சான்று எதுவும் இல்லை. முன்னோரைப் பெருமைப்படுத்துவதாக எண்ணிச் சொல்லப்படும் இக்கூற்று, சிற்பியைக் கண்டதைப் படியெடுத்தவராகக் குறைத்துவிடுகிறது. இல்லாத ஒன்றைக் காண்போர் நம்பும்படி உருவாக்கியதே அவர்தம் பெருமை. மாணவர்கள் மகரத்தை அவ்வாறே அணுகுவது நல்லது.