தனிப்படமும் கூட்டுப்படமும்

சூப்பர் ஹீரோ எனப் பலரும் வழங்கும் பேராற்றல் வீரர் பலரை ஒரு கதைக்குள் கூட்டும் அமெரிக்கத் திரைப்படங்கள், அவ்வீரர் ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே படம் வெளிவந்த பின்னரே தோன்றுதல் வேண்டும் என்னும் கருத்து இன்று ஏறத்தாழ ஒரு விதியாகவே வழங்கிவருகின்றது. இவ்விதி பழமையானது அன்று. 2012-இல் 'தி அவெஞ்சர்ஸ்' பெற்ற பெருவெற்றியும் 2017-இல் 'ஜஸ்டிஸ் லீக்' தந்த ஏமாற்றமும் சேர்ந்து இதனைத் தோற்றுவித்தன. முன்னதற்கு வழிவகுத்து ஐந்து படங்கள் வந்தன. பின்னதில் வரும் அறுவருள் சூப்பர்மேன், வொண்டர் வுமன் ஆகிய இருவர்க்கே அவ்வரிசையில் தனிப்படம் இருந்தது. பேட்மேன் நெடுங்காலமாக மக்கள் அறிந்தவன் என்பது வேறு. இவ்விரண்டு சான்றுகளை மட்டும் அருகருகே வைத்து, தனிப்படம் உண்டேல் கூட்டுப்படம் சிறக்கும், இன்றேல் சிதையும் என்று முடிவு கட்டிவிட்டனர். இம்முடிவு ஏற்கத்தக்கதா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இத்தகைய படங்களை இலக்கியத் திறனாய்வுக்கு உட்படுத்தல் தகுமோ என ஐயுறுவார் உளராயின், அவர்க்கு ஒன்று கூறலாம். ஒரு படைப்பு தன்னளவில் நிறைவுடையதாக இருத்தல் வேண்டுமா, பிற படைப்புகளைத் துணைக்கொண்டே பொருள் தரலாமா என்பது நம் இலக்கணிகள் நெடுங்காலத்துக்கு முன்னரே எண்ணிய வினா. தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என நால்வகைப்படுத்துகின்றது. தனித்து நின்று பொருள் முடிவது முத்தகம். பல பாட்டுகள் ஒரு வினையைக் கொண்டு முடிவது குளகம். தனிப்பாட்டுகள் பல ஒருங்கு தொகுக்கப்படுவது தொகைநிலை. கதையாலோ சொல்லாலோ தொடர்ந்து செல்வது தொடர்நிலை. இப்பாகுபாடு திரைப்படத்திற்காகச் செய்யப்பட்டதன்று. ஆயினும் கூட்டுப்படம் பற்றிய இன்றைய வழக்கில், தொகைநிலையையும் குளகத்தையும் ஒன்றெனக் கொண்டு மயங்கும் மயக்கமே மிக்கிருத்தலால், அது நமக்குப் பெரிதும் பயன்படுகின்றது.

படங்களுக்கு மூலமாகிய சித்திரக்கதைகளை நோக்கின், வீரர் குழுக்கள் தொடக்கத்திலிருந்தே இருவகையாக இருந்தமை புலனாகும். 1940-இல் 'ஆல் ஸ்டார் காமிக்ஸ்' மூன்றாம் இதழில் 'ஜஸ்டிஸ் சொசைட்டி' என்னும் குழு தோன்றியது. அவ்விதழில் வீரர்கள் விருந்து மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒவ்வொருவரும் தத்தம் வீரச்செயலைக் கதையாகக் கூறுகின்றனர். கூடியிருப்பது ஒரு மேசையில்; செயலோ தனித்தனி. இது தொகைநிலை என்பதில் ஐயமில்லை. அக்குழுவில் இருந்த வீரன் தனக்கெனத் தனியிதழ் பெற்றவுடன் குழுவை விட்டு விலகும் வழக்கமும் தொடக்கத்தில் இருந்தது. குழு என்பது தனிச்சிறப்பு எய்தாதாரைப் பலர்க்கும் அறிமுகம் செய்யும் களமாக அன்று விளங்கிற்று. தனிப்படத்திற்குப் பின்னரே குழு என்னும் இன்றைய விதிக்கு இது நேர்மாறானது.

இருபது ஆண்டுகளுக்குப் பின் ஸ்டான் லீயும் ஜாக் கர்பியும் சேர்ந்து படைத்தவற்றில் இரு வகையும் ஒருங்கே காணப்படுகின்றன. 1961-இல் வந்த 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' நால்வரும் பிறக்கும்போதே குழுவாகப் பிறந்தவர். 1963 செப்டம்பர் எனத் தேதியிட்டு இரண்டு முதலிதழ்கள் வெளிவந்தன. ஒன்று 'எக்ஸ்-மென்'. அதன் வீரர்க்கு முன்கதை வேறெங்கும் இல்லை. ஒரு பள்ளியின் மாணவராகவே அவர் நமக்கு முதன்முதல் அறிமுகமாகின்றனர். மற்றொன்று 'அவெஞ்சர்ஸ்'. அதில் கூடிய அயர்ன் மேன், தோர், ஹல்க் முதலியோர் வேறு இதழ்களில் தலைமை பெற்றிருந்தவர். ஒரே திங்களில் ஒரே இருவர் கைவண்ணத்தில் இரண்டு முறைகளும் தோன்றியிருத்தலின், இவற்றுள் ஒன்றே இயல்பு, மற்றொன்று வழு என்பார் கூற்றுக்கு மூலத்தில் இடமில்லை. அவெஞ்சர்ஸ் இரண்டாம் இதழிலேயே ஹல்க் குழுவை விட்டு நீங்குகின்றான் என்பதும் கருதத்தக்கது. தலைமை பெற்றுப் பழகியவர் பிறரொடு பொருந்தி நிற்றல் அரிது என்னும் அப்பிணக்கே அவ்வகைக் கதையின் உயிர்.

2012-ஆம் ஆண்டுப் படத்தின் வெற்றிக்கும் இதுவே காரணம் எனலாம். ஜாஸ் வீடன் இயக்கிய அப்படத்தின் நடுவில், வான்கலத்துள் ஸ்டீவ் ராஜர்ஸும் டோனி ஸ்டார்க்கும் சொற்போர் புரியும் காட்சி உளது. பிறர்க்காகத் தன்னை வீழ்த்திக்கொள்ளும் இயல்பினன் அல்லன் நீ என்பது ராஜர்ஸின் குற்றச்சாட்டு. இதனைக் கூற அவனுக்கு உள்ள தகுதி யாது என்பதை இப்படம் எங்கும் சொல்லவில்லை. 2011-இல் வந்த அவனது தனிப்படத்தில், பயிற்சிக்களத்தில் வந்து விழுந்த கையெறிகுண்டின்மேல், அது போலி என்பதறியாது, மெலிந்த உடலுடன் அவன் பாய்ந்து கவிந்துகொண்டதைக் கண்டவர்க்கு அத்தகுதி சொல்லாமலே விளங்கும். ஈண்டுத் தனிப்படம் குறிப்புப் பொருளாக நின்று காட்சிக்கு ஆழம் தருகின்றது. ஆயின் அதனைக் காணாதார்க்குக் காட்சி பொருளற்றுப் போகின்றதா எனின், இல்லை. படத்தின் இறுதியில் ஸ்டார்க் அணுகுண்டைத் தன் தோள்மேல் தாங்கி, மீள்வோம் என்னும் உறுதியின்றி வானத்துப் பிளவினுள் நுழைகின்றான். வினாவும் விடையும் இப்படத்துள்ளேயே அமைந்துவிட்டன. தனிப்படம் இன்பத்தை மிகுவித்தது. பொருளை அது தரவில்லை.

இவ்வேறுபாட்டை ஹல்க் இன்னும் தெளிவாகக் காட்டுவான். அவனுக்கும் 2008-இல் ஒரு தனிப்படம் இருந்தது. அதில் புரூஸ் பேனராக நடித்தவர் எட்வர்ட் நார்ட்டன். கூட்டுப்படத்தில் நடித்தவரோ மார்க் ரஃபலோ. முகமும் குரலும் நடையும் மாறின. தனிப்படத்தில் பெற்ற பழக்கமே பாத்திரத்திற்கு உயிர் என்னும் கொள்கை மெய்யாயின், இக்குழுவில் வெளிறிப்போயிருக்க வேண்டியவன் அவனே. நிகழ்ந்ததோ மறுதலை. கொல்கத்தாவில் நோயாளிகளுக்கு மருத்துவம் செய்துகொண்டு ஒதுங்கி வாழும் அவனது அறிமுகமும், தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றும் இயலாது போனமையை ஆரவாரமின்றி அவன் கூறும் இடமும், தான் எப்போதும் சினந்தே இருப்பதாக இறுதிப் போரில் வெளியிடும் உண்மையும் சில நிமிடங்களில் ஒரு முழுமனிதனை நம் கண்முன் நிறுத்திவிடுகின்றன.

தனிப்படமே இல்லாத நடாஷா ரோமனாஃபும் அவ்வாறே. கட்டுண்டு கிடக்கும் கைதிபோல் தோன்றி, உசாவுவாரையே உசாவிக்கொண்டிருக்கும் முதற்காட்சி அவள் திறத்தைக் காட்டுகின்றது. பின்னர்ச் சிறையிலிருக்கும் லோகியிடம் தன் மனம் உடைந்ததுபோல் நடித்து அவன் சூழ்ச்சியைக் கறந்துகொள்ளும்போது, முன்னர்க் கண்ட அதே திறம் வேறொரு தளத்தில் பயன் தருகின்றது. அவளுக்குத் தனிப்படம் வந்தது 2021-இல்தான். அவளைப் போலவே தனிப்படம் இல்லாத பார்ட்டன் மட்டும் படத்தில் மெலிந்து காணப்படுகின்றான். பெரும்பகுதி நேரம் பிறர் வயப்பட்ட மனத்தினனாக இருத்தலால் தானே ஒன்றைத் தேர்ந்து செய்யும் வாய்ப்பு அவனுக்குக் கிட்டவில்லை. முன்கதை இன்மை இருவர்க்கும் பொது. வேறுபாடு இப்படத்துள் அவர்க்குக் கிடைத்த செயலில் உள்ளது.

இனி 'ஜஸ்டிஸ் லீக்'. இதனைப்போல் ஆராய்ச்சிக்கு வாய்ப்பான சான்று கிடைத்தல் அரிது. அதே கதை, அதே நடிகர், பெரும்பாலும் அதே படப்பிடிப்பு ஆகியவற்றிலிருந்து இரண்டு படங்கள் நம் கையில் உள்ளன. இயக்குநர் ஸாக் ஸ்னைடர் குடும்பத் துயரம் ஒன்றால் 2017-இல் விலகினார். வீடன் சில காட்சிகளைப் புதிதாக எடுத்துச் சேர்த்தார். அவ்வாறு வெளிவந்த படம் 120 நிமிடம் ஓடுவது. ஸ்னைடரின் வடிவம் 2021-இல் ஏறத்தாழ 242 நிமிடப் படமாக வெளிவந்தது. இரண்டிலும் சைபார்க் என்னும் விக்டர் ஸ்டோனுக்குத் தனிப்படத்தின் துணை இல்லை. முதல் வடிவத்தில் அவன் ஒரு பொறி. கதைக்கு வேண்டும்போது வேண்டியதைத் திறந்துகொடுக்கும் ஒரு கருவி. இரண்டாம் வடிவத்தில் அவன் கால்பந்தாட்டக்காரன். தாயை விபத்தில் இழந்தவன். தன்னைப் பாதிப் பொறியாக்கி உயிர்ப்பித்த தந்தையை மன்னிக்க இயலாதவன். அத்தந்தை முதல் வடிவத்தில் பிழைத்திருக்கின்றார். இரண்டாம் வடிவத்தில் மகன் கண்முன் தம் உயிரைக் கொடுக்கின்றார். தனிப்படம் இன்மையே 2017-ஆம் ஆண்டுப் படத்தின் குறை எனின், 2021-ஆம் ஆண்டு வடிவத்திலும் அக்குறை அவ்வாறே நிலைத்திருத்தல் வேண்டும். நிலைத்திலது. குறைபட்டது முன்கதையன்று, இடம். நான்கு மணி நேரம் மிகையென்று கூறுவார் உளர். அதனை யானும் மறுக்கவில்லை. ஃப்ளாஷும் அக்வாமேனும் அந்நீட்சியாலும் அத்துணைச் சிறந்தாரல்லர்.

இடம் என்றது நேரத்தின் அளவை மட்டும் அன்று. 2014-இல் ஜேம்ஸ் கன் இயக்கிய 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' இரண்டு மணி நேரத்தில் ஐவரை அறிமுகம் செய்து குழுவாக்கியும் விடுகின்றது. ஐவருள் எவர்க்கும் முன்னர்ப் படம் இல்லை; ஒருவன் மரம், ஒருவன் விலங்கு. தொடக்கக் காட்சியில் மருத்துவமனைப் படுக்கையில் இறக்கும் தாய் தன் கையைப் பற்றுமாறு சிறுவன் பீட்டர் குவில்லை வேண்டுகின்றாள். அவன் அஞ்சி முகம் திருப்பிக்கொள்ளும் அளவில் அவள் உயிர் பிரிகின்றது. இறுதிக் காட்சியில், தாங்குதற்கரிய ஆற்றலைக் கையில் ஏந்தி அவன் அழிந்துகொண்டிருக்கையில், கமோரா தன் கையைப் பற்றுமாறு வேண்டுகின்றாள். அந்நொடியில் அவளிடத்தில் தாயைக் காண்கின்றான், கையைப் பற்றுகின்றான், ட்ராக்ஸும் ராக்கெட்டும் அக்கையொடு கைகோக்க, ஒருவனை அழிக்கும் ஆற்றல் நால்வரால் தாங்கப்படுகின்றது. தனியொருவனின் கதையும் குழுவின் கதையும் 'பற்றுதல்' என்னும் ஒரு வினையால் முடிகின்றன. குளகம் என்பதற்கு இதனினும் பொருத்தமான திரைச்சான்று யான் கண்டிலேன். மனைவி மக்களை இழந்த ட்ராக்ஸ், பெற்றோரைக் கொன்றவனாலேயே வளர்க்கப்பட்ட கமோரா, ஆய்வுக்கூடத்தில் சிதைத்து உருவாக்கப்பட்ட ராக்கெட் ஆகிய அனைவரும் அவ்வொரு வினையை நோக்கி நிற்கும் பாட்டுகளே.

அதற்குச் சற்று முன்னர், தன் பெயரையன்றி வேறொன்றும் சொல்லத் தெரியாத மரமனிதன் குரூட், வீழும் கலத்தில் தன் கிளைகளால் தோழரைச் சூழ்ந்து காத்து, தன் வழக்கமான சொற்றொடரில் தன்மை ஒருமையைப் பன்மையாக்கிக் கூறி மடிகின்றான். ஆங்கிலத்தில் இருப்பது ஒரே தன்மைப் பன்மைச் சொல். தமிழில் மொழிபெயர்ப்பார்க்கு 'நாங்கள்', 'நாம்' என்னும் இரண்டனுள் ஒன்றைத் தேர்தல் கடனாகும். 'நாங்கள்' எனின் கேட்போன் விலகிநிற்பான். அக்காட்சியின் உயிரே போய்விடும். கேட்போரையும் உளப்படுத்தும் 'நாம்' என்பதே அவன் கூறியது என்பதில் தமிழறிந்தார்க்கு ஐயம் தோன்றாது. குழு பிறப்பது இவ்வுளப்பாட்டுப் பன்மையில்தான்.

2016-இல் வந்த 'சூசைட் ஸ்குவாட்' படத்தையும் இதனொடு ஒப்பிடுக. அங்கும் தனிப்படங்கள் இல்லை. அதிகாரி அமாண்டா வாலர் உணவு மேசையில் கோப்புகளைத் திறந்து ஒவ்வொருவர் வரலாறாகக் கூறுகின்றாள். 1940-இன் விருந்து மேசை நினைவுக்கு வருகின்றது. அறிமுகங்களில் குறைவில்லை, ஆயின் அவை யாவும் கோப்பிலேயே முடிந்துவிடுகின்றன. இறுதியில் எல் டியாப்லோ தோழர்களைத் தன் குடும்பம் என்று கூறும்போது, அச்சொல்லை ஈட்டித்தந்த நிகழ்ச்சி எது எனத் தேடினால் கிடைப்பதில்லை. தனிப்படம் இன்மையால் நேர்ந்த குறை என இதனைக் கொள்வார், கார்டியன்ஸ் படத்திற்கும் அதே இன்மை உண்டு என்பதை மறந்தவராவர்.

இனி முன்கதை மிகுதியால் வரும் கேட்டையும் கூறல் வேண்டும். 2023-இல் வந்த 'தி மார்வெல்ஸ்' மூன்று பெண்டிரைக் கூட்டுவது. கேரல் டான்வர்ஸுக்கு 2019-இல் ஒரு படம். மோனிகா ராம்போ பேராற்றல் பெற்றது 2021-இல் வந்த 'வாண்டாவிஷன்' தொடரில். கமலா கானுக்கு 2022-இல் ஒரு தொடர். விதியின்படி அனைத்தும் முறையாகச் செய்யப்பட்டன. ஆயினும் அவ்வரிசைப் படங்களுள் மிகக் குறைந்த வசூலைப் பெற்றது அதுவே. வசூலைக் கொண்டு தரம் அளத்தல் நம் வழக்கமன்று. எனினும் இரு தொடர்களைக் கண்டு முடித்தவர்க்கே உறவுகள் விளங்கும் எனின், கண்டோர் தொகை சுருங்குதல் இயல்பே. உரையின்றிப் பொருள்படாத பாட்டு உண்டு. ஆனால் அப்பாட்டும் ஒரு பாட்டாக முதலில் நிற்கும். தமிழில் லோகேஷ் கனகராஜின் 'விக்ரம்' (2022) இதனை உணர்ந்தே செய்யப்பட்டதாகத் தோன்றுகின்றது. 'கைதி' (2019) கண்டவர்க்குப் பிஜாயின் வருகை மகிழ்ச்சி தருவது, காணாதார்க்கு அவன் ஒரு காவல் அதிகாரி, அவ்வளவே, கதை தடைப்படுவதில்லை.

ஆகவே, தலைமை பெற்றிருந்தவர் அதனை இழந்து பிறரொடு பொருந்துவதே கதையாயின் தனிப்படம் பெரிதும் துணைசெய்யும். தலைமையே பெறாதவர் கூடுவது கதையாயின் அது வேண்டா. எவ்வகைக் கதை என்பது துணிந்த பின்னரே இவ்வினாவை எழுப்புதல் முறை. பிறவிக் குழுவாகிய ஃபென்டாஸ்டிக் ஃபோர் நால்வரின் படங்களை ஒப்பிட்டால் இது விளங்கும். ஜோஷ் டிராங்க் இயக்கிய 2015-ஆம் ஆண்டுப் படம், நால்வரும் ஆற்றல் பெற்ற வரலாற்றிலும் அதன் விளைவிலுமே பெரும்பகுதியைச் செலவிட்டு, அவர் குழுவாக நிற்பதை இறுதிச் சில நிமிடங்களுக்குத் தள்ளிவிட்டது. தனிப்படத்திற்குரிய கடமையைக் கூட்டுப்படத்தின் தலையில் சுமத்தியதன் விளைவு அது. 2025-இல் வந்த 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்: ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ்' அவ்வரலாறு முழுவதையும் தொடக்கத்தில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி வாயிலாகச் சொல்லி முடித்துவிட்டு, நால்வரும் ஏற்கெனவே குடும்பமாக வாழும் வீட்டினுள் நம்மை அழைத்துச் செல்கின்றது. பிறக்கவிருக்கும் குழந்தையைக் கொடுத்தால் உலகு பிழைக்கும் என்னும் இக்கட்டு அந்நால்வர்க்கும் ஒருசேர நேர்கின்றது.