நினைவு மலர்களில் இல்லாத கேள்வி

மலையகத் தலைவர்களுக்கான நினைவு மலர்கள் கிடைக்கும்போதெல்லாம் வாசித்துவிடுவேன். ஹட்டனில் வெளியிட்டாலும் நுவரெலியாவில் வெளியிட்டாலும் அச்சு ஒன்றுதான். வாழ்த்துரை, வாழ்க்கைக் குறிப்பு, அமைச்சரோடு எடுத்த படம், 'விட்டுக்கொடுக்காத வீரர்' என்ற பட்டம். ஒரு தலைவரும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லையாம்! அப்படியானால் இத்தனை ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டது யார்?

மர்ஹூம் ஏ. அஸீஸை எடுத்துக்கொள்வோம். குஜராத்திலிருந்து வந்த முஸ்லிம் ஒருவர் தோட்டத் தொழிலாளரின் தலைவரானார். தொண்டமானைப் பிரிந்தபின் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை உருவாக்கினார். நம்மவர்கள் இதைப் பெருமையோடு எழுதுவார்கள். 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று 1964 ஒக்டோபரில் சாஸ்திரியோடு கையெழுத்திட்ட அதே சிறிமாவோ அம்மையாரின் ஆட்சியில், 1970இல் அவர் நியமன எம்.பி. ஆனார். இது மட்டும் பதவிப் பட்டியலில் ஒற்றை வரியாக வந்து போகும். அதே ஆட்சியில் 1973, 74இல் தோட்டங்களில் பட்டினி. அந்த வரியை ஏன் விரித்து எழுதுவதில்லை?

நானும் அவரைப் பற்றி ஒரு மலருக்கு எழுதியவன். விரித்துத்தான் எழுதினேன். "இதெல்லாம் இப்ப எதுக்கு நானா?" என்று குழுவில் ஒருவர் கேட்டார். என் கையாலேயே வெட்டிக் கொடுத்தேன்.

அவர் செய்தது பிழை என்பதல்ல என் வாதம். 1947இல் இலங்கை இந்தியன் காங்கிரஸுக்கு 7 எம்.பி.க்கள், 1948 சட்டத்தால் பிரஜாவுரிமை பறிபோனபின், 1952இல் ஒருவருமில்லை. வாக்கில்லாத மக்களின் தலைவருக்கு வேறு கதவு ஏது? தொண்டமானும் 1960இலும் 1965இலும் நியமனத்தால்தான் பாராளுமன்றம் போனார். 1978இல் ஜே.ஆரின் அமைச்சரவையில் சேர்ந்தார்; எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை தரும் சட்டம் 1988இல் வந்தது. விலை கொடுத்தார்கள், சிலதை வாங்கினார்கள். கொடுத்த விலையை நாம் மறைக்கிறோமே, அதுதான் என் குறை.

ஹுதைபிய்யாவை நினைத்துப் பாருங்கள். உம்றா செய்யாமல் திரும்ப வேண்டும். 'றஸூலுல்லாஹ்' என்ற சொல்லையே பத்திரத்திலிருந்து அழிக்க வேண்டும். விலங்கோடு ஓடிவந்த அபூ ஜந்தலைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். இதைவிடப் பெரிய விட்டுக்கொடுப்பு எது? ஆனால் நிபந்தனைகள் எல்லோருக்கும் தெரியவே எழுதப்பட்டன. உமர் (ரழி) நேரே போய்க் கேட்டார். அந்தக் கேள்வியை ஸீறா எழுதியவர்கள் வெட்டவில்லை. நபிகளார் (ஸல்) செய்த உடன்படிக்கையிலேயே கேள்விக்கு இடமிருந்தது. நம் தலைவர்மாருக்கு மட்டும் ஏன் கூடாது?

இது பழங்கதையுமல்ல. நாட்சம்பளம் 1,000 ரூபா என்று முழங்கிவிட்டு 2016இல் 730க்குக் கையெழுத்தானது, 2019இல் 750க்கு. சம்பள நிர்ணய சபை வழியாக 2021இல்தான் ஆயிரம் வந்தது. 730க்கு இறங்கியது தவிர்க்க முடியாததாகவும் இருந்திருக்கலாம். கடன் கொப்பியோடு எங்கள் கடைக்கு வந்த ஓர் அம்மா சொன்னார்: "கொறைஞ்சாக்கூட பரவாயில்ல மொதலாளி. ஏன் கொறைஞ்சதுன்னு பெரட்டுக்களத்துல வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

ஒப்பந்தம் போட்டவர்களைப் போலவே, மலர் எழுதிய எனக்கும் அந்தக் கேள்வி உரியது. அடுத்த மலருக்குக் கேட்டால் அந்த ஒற்றை வரியிலிருந்தே தொடங்குவேன். வெட்டுவதென்றால் அவர்கள் வெட்டட்டும், நான் வெட்டமாட்டேன்.