பால் லான்ஸ்கி: சில நொடிகளுக்கு அப்பால்

பால் லான்ஸ்கி என்றதும் எல்லோரும் ரேடியோஹெட் கதையைத்தான் சொல்வார்கள். 1973இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஐபிஎம் கணினியில் அவர் 'மில்ட் உண்ட் லைஸ' என்றொரு படைப்பைச் செய்தார். ஜானி கிரீன்வுட் அதைப் பழைய எல்பி ஒன்றில் கண்டெடுத்தார். அதன் சில நொடிகள் 2000இல் 'இடியோடெக்' பாட்டுக்குள் போயின. நானும் அந்த வழியாகத்தான் லான்ஸ்கியிடம் போய்ச் சேர்ந்தேன். அதனாலேயே இந்தக் கதைமேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. 1969 முதல் 2014 வரை ஒரே பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டே எழுதிய மனிதரை அது ஒரு துணுக்காகச் சுருக்கிவிடுகிறது.

லான்ஸ்கியின் ஆசிரியர் மில்டன் பேபிட். புதிய இசை பொதுமக்களின் கைத்தட்டலை நம்பியிருக்கக் கூடாது, விஞ்ஞானம் போல அதற்கும் பல்கலைக்கழகமே புகலிடம் என்று 1958இல் கட்டுரை எழுதியவர். அந்தப் புகலிடத்துக்குள் வளர்ந்த மாணவர் அங்கே உட்கார்ந்துகொண்டு என்ன செய்தார் என்பதுதான் வேடிக்கை. வெளியே இருந்த சத்தங்களையெல்லாம் உள்ளே கூட்டிவந்தார். 'நைட் டிராஃபிக்' முழுக்க சாலையில் போகும் வண்டிகள். 'டேபிள்ஸ் கிளியர்'ல தன் பிள்ளைகளை அடுக்களைச் சாமான்களைத் தட்டவிட்டுப் பதிவுசெய்திருக்கிறார்.

எனக்கு அவருடைய உச்சம் 1985இல் வந்த 'ஐடில் சாட்டர்'. தொலைபேசிக்காரர்கள் பேச்சைச் சிக்கனமாக அனுப்ப ஆராய்ந்து உருவாக்கிய ஒரு முறை உண்டு. தொண்டையிலிருந்து வரும் ஒலியையும் வாய் அதற்குக் கொடுக்கும் வடிவத்தையும் அது தனித்தனியாகப் பிரித்துவிடும். அப்புறம் சொல்லின் வடிவம் மாறாமலே சுருதியை மட்டும் மாற்றலாம். லான்ஸ்கி தன் மனைவி ஹன்னா மெக்கேயின் குரலை இப்படிப் பிரித்து, பொடிப்பொடியாக நறுக்கி, சீரான தாளத்தில் தூவினார். ஒரு சொல்கூடப் பிடிபடாது. ஆனால் யாரோ நிறையப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், சந்தோஷமாகத்தான் பேசுகிறார்கள் என்று தெரியும். சின்ன வயதில் பாதித் தூக்கத்தில் பக்கத்து அறைப் பேச்சைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்போமே, அதே நிலைமை. கணினி இசை என்றாலே ஆள் இல்லாத இசை என்று நினைத்திருந்த எனக்கு இது பெரிய அதிர்ச்சி.

இவ்வளவு செய்தவர் 2000களில் கணினியை ஏறக்குறைய விட்டுவிட்டு வாத்தியக்காரர்களுக்கு எழுதப் போய்விட்டார். முதலில் கேள்விப்பட்டபோது 'இதுக்கா இத்தனை வருஷம்?' என்றுதான் தோன்றியது. ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதிய 'இமேஜினரி ஐலண்ட்ஸ்' கேட்டும் அந்த எண்ணம் போகவில்லை. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ரொம்ப மரியாதையாக இருக்கிறது. வேறு சிலரும் எழுதியிருக்கக்கூடிய இசை அது.

என் எண்ணத்தை மாற்றியது 2005இல் ஸோ பெர்கஷன் குழுவுக்காக எழுதிய 'த்ரெட்ஸ்'. நாலு பேர், அரைமணி நேரம், பத்துச் சின்னப் பகுதிகள். வைப்ரஃபோன், டிரம் எல்லாம் உண்டு. கூடவே பூந்தொட்டி, பாட்டில், குழாய். பழைய அடுக்களை அப்படியே மேடைக்கு வந்துவிட்டது! சாதாரணச் சத்தத்துக்குள் தாளத்தையும் சுருதியையும் கண்டுபிடிக்கிற அதே காதுதான் இங்கேயும் வேலை செய்கிறது. அந்தக் காது விழித்திருக்கும்போது கணினி இருந்தாலும் இல்லாவிட்டாலும் லான்ஸ்கி பெரிய ஆள். அது ஓய்வெடுக்கும்போது அவர் திறமையான ஒரு பேராசிரியர், அவ்வளவுதான்.

பேபிட் கேட்ட புகலிடம் வீண் போகவில்லை என்றே நினைக்கிறேன். பேர் வாங்கித்தந்த வழியை அறுபது வயதில் ஒருவர் விட்டுவிட்டு, சுமாரான சிலதை எழுதி, நடுவே ஒரு 'த்ரெட்ஸ்' எழுத வேண்டுமென்றால் மாதச் சம்பளம் வந்துகொண்டிருக்க வேண்டும். புதிதாகக் கேட்பவர்கள் 'ஐடில் சாட்டர்'ல தொடங்குங்கள். ஹெட்ஃபோன் வேண்டாம், பக்கத்து அறையில் ஓடவிட்டுக் கேளுங்கள்.