இசைத்தட்டுறையும் இறையுருவும்

அண்மையில் தாம்பரத்தினின்று கடற்கரை செல்லும் மின்தொடர் வண்டியில் ஓரிளைஞரைக் கண்டோம். அவர் சட்டையிற் பல கைகளையுடைய தெய்வவுருவொன்று எழுதப்பட்டிருந்தது. யாதென வினவ, ‘ஹெவி மெட்டல்’ என்னும் வன்முழக்க இசைக்குழுவொன்றன் தட்டுறைப் படமென்றும், அது தம் இனத்தின் அடையாளமென்றும் விடையிறுத்தார். இறையுரு இனவடையாளமாதல் பொருந்துமோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

இவ்விசைக்கு முன்னோடியருள் ஒருவராக எண்ணப்படும் ஜிமி ஹென்றிக்ஸ் 1967-இல் வெளியிட்ட ‘ஆக்ஸிஸ்: போல்டு ஆஸ் லவ்’ என்னுந் தட்டின் உறையில், திருமாலின் விசுவரூபப் படத்தின்மேல் அவர் முகமும் தோழரிருவர் முகமும் பொருத்தப்பட்டன. தமக்கு அமெரிக்கத் தொல்குடி மரபுண்டென்ற ஹென்றிக்ஸோ, அம்மரபைக் காட்டாது பாரதநாட்டுப் படத்தை இட்டனரேயென்று குறைபட்டார். அவர் வேண்டியதும் இனக்குறியே. 1997-இல் ஏரோஸ்மித் குழுவினர் தட்டுறையிற் காளியன்மேல் ஆடுங் கண்ணபிரானுருவுக்குப் பூனைத்தலை அமைக்கப்பட்டது; எதிர்ப்பெழவே உறை மாற்றப்பட்டது.

இவை பிறர் செயல். நம்மவர் செயலோ எனின், தமிழ்க்குடியினரைக் கொண்டு 1992-இற் சிங்கப்பூரில் தோன்றிய ‘உருத்திரா’ குழுவைக் காண்க. வடமொழி மந்திரங்களையும் வேதாந்தக் கருத்துக்களையும் பாடும் இவர்பால் இகழ்ச்சி நோக்கம் இல்லை. ஆயினும் 2001-இல் தம் தட்டிற்கு ‘தி ஆரியன் குருசேடு’ என்று பெயரிட்டனர். ஆரியன் என்பது ஆசானையும் மேலோனையுங் குறிக்கும் பழஞ்சொல்லாயினும், சென்ற நூற்றாண்டில் இனப்பெயராய்ப் பகை விளைத்தது. ஐரோப்பியர் சிலுவைப்போர்ப் பெயரும் அதனொடு கூடின், காண்போர் நெஞ்சில் ஞானத்துக்கு முன்னர் இனமும் போருமே தோன்றும்.

மனவாசகங்கடந்தார் அருளிய உண்மை விளக்கம் கூத்தப்பெருமான் திருவுருவுக்குப் பொருள் வகுக்கின்றது. துடி படைப்பு; அமைத்த கை காப்பு; தீ அழிப்பு; ஊன்றிய திருவடி மறைப்பு; தூக்கிய திருவடி அருள். இவற்றுட் குலமோ நாடோ குறிப்பது யாதுமில்லை. திருவடிக்கீழ்க் கிடக்கும் முயலகனை ஆணவமலமென்பர் பெரியோர். யான், எனது என்னுஞ் செருக்கே எம்மினம் என விரிகின்றது. ஆகலின், இறையுருவை இனக்கொடியாக்குவோர் கீழ்க்கிடக்கவேண்டிய முயலகனை மேலேற்றியவராவர்.

எனினும் அவ்விளைஞரை யாம் இகழேம். உருவை விரும்பினார் பொருளையும் விரும்புவர். அதனை எடுத்துரையாத குறை நம்முடையதே. வண்டி திரிசூலத்தில் நின்றபோது, அவ்வூர்ச் சிவாலயத்தைத் தரிசித்ததுண்டோ என வினவினோம். நாடோறும் இவ்வழிச் செல்வதேயன்றிக் கண்டதில்லை என்றார். வருஞ் சோமவாரத்தில் இருவேமும் உடன்செல்ல இசைந்துள்ளோம்.